வீட்டுக்கு அனுப்பும் முன்: பச்சிளங்குழந்தை டிஸ்சார்ஜ் விதிகள் நடைமுறைக்கு வர எந்த வழி உதவும்?

முப்பது படுக்கை வைத்து மகப்பேறு மருத்துவமனை நடத்துபவர்களும், அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டைக் கவனிக்கும் செவிலியர்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் வேறுவேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். "சுகப்பிரசவமான குழந்தையை எப்போது, எதையெல்லாம் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. டாக்டர்களுக்கும் தெரியும். ஆனாலும் நடப்பதில்லை. வகுப்பு எடுக்கலாமா, செக்லிஸ்ட் போடலாமா, மாதாமாதம் தணிக்கை செய்யலாமா, சாஃப்ட்வேர் வாங்கலாமா?"

நான் குழந்தைகள் மருத்துவர். சீக்கிரம் வீட்டுக்குப் போய், ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாகி, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் திரும்பி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை நிர்வாகக் கேள்வி என்று ஒதுக்க என்னால் முடியாது. கையில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

## விதி கேட்பது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சிக்கலில்லாத சுகப்பிரசவம் என்றாலும் தாயும் சேயும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அப்புறம் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். இந்திய அரசின் திட்டங்கள் 48 மணி நேரம் தங்கச் சொல்கின்றன. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் தேசியத் திட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 அறிக்கை இன்னும் நுணுக்கமானது. அனுப்புவதற்கு முந்தைய 12 மணி நேரம் உடல் வெப்பம், மூச்சு, இதயத் துடிப்பு மூன்றும் சீராக இருக்க வேண்டும். குழந்தை குறைந்தது இரண்டு முறை நன்றாகப் பால் குடித்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்திருக்க வேண்டும், ஒரு முறையாவது மலம் போயிருக்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கான ஆபத்தைக் கணித்திருக்க வேண்டும். 48 மணிக்கு முன்பே அனுப்பினால், அடுத்த 48 மணிக்குள் யாராவது குழந்தையைப் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. நிறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் உச்சத்துக்குப் போவது மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்குள். தாய்ப்பால் போதாமல் எடை இறங்குவதும் அப்போதுதான் தெரியவரும். பிறவி இதயக் கோளாறுகளில் சில, முதல் நாள் எந்த அறிகுறியும் காட்டாமல், தமனி நாளம் (கருவில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் போக உதவும் குழாய்) மூட ஆரம்பித்த பிறகே வெளிப்படும். முதல் நாள் "எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதுவது பொய்யில்லை. ஆனால் அந்த வரி முதல் நாளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், உங்கள் வார்டில் விதி எங்கே நழுவுகிறது என்று தெரிய வேண்டும். நான் பார்த்தவரை நான்கு இடங்கள் இருக்கின்றன.

தெரியாமை. மஞ்சளைக் கண்ணால் பார்த்தே அளந்துவிடலாம் என்று நம்புகிற மருத்துவர் இன்னும் இருக்கிறார். மாநிறக் குழந்தைகளிடம் அந்தக் கணிப்பு எளிதில் தவறும். "காலை வெயிலில் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புவதும் இந்த வகைதான்.

மறதி. தெரியும். ஆனால் ரவுண்ட்ஸில் நாற்பது தாய்மார்களைப் பார்க்கும்போது ஒன்று விட்டுப்போகிறது.

நெருக்கடி. ஒரு கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். இன்னொரு பக்கம் "நாளைக்கு அஷ்டமி, இன்னிக்கே போயிடறோம் டாக்டர்" என்று மாமியார் நிற்கிறார். விதி தெரிந்த, மறக்காத மருத்துவரும் இங்கே வளைந்துவிடுகிறார்.

யார் பொறுப்பு என்ற குழப்பம். சிறிய தனியார் மருத்துவமனைகளில் இதுதான் பெரிய ஓட்டை. மகப்பேறு மருத்துவர் தாயை டிஸ்சார்ஜ் செய்கிறார், குழந்தை கூடவே போய்விடுகிறது. குழந்தை மருத்துவர் பிறந்த அன்று வந்து பார்த்ததோடு சரி.

ஒவ்வொரு வழியிடமும் நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். இந்த நான்கில் எதைச் சரிசெய்கிறது? பயிற்சி மருத்துவர்கள் மாறிப்போன பிறகும் நிற்குமா? யாருடைய நேரத்தைத் தின்கிறது? செய்ததாகக் காட்டி ஏமாற்ற முடியுமா? வார்டின் வாசலைத் தாண்டியும், அதாவது அந்த ஐந்தாம் நாள் வரை, அதன் கை நீளுமா?

## வழி 1: சுற்றறிக்கையும் வகுப்பும்

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். செலவு குறைவு, செய்துவிட்டோம் என்று காட்டவும் எளிது.

மருத்துவர்களின் பழக்கத்தை மாற்றும் முயற்சிகளைப் பற்றி காக்ரேன் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பாய்வுகள் பல வந்திருக்கின்றன. அச்சிட்ட தாள் கொடுப்பதால், விதிப்படி நடப்பதில் கிடைத்த முன்னேற்றம் சுமார் 2 சதவீதப் புள்ளிகள். வகுப்புகள், கருத்தரங்குகளால் சுமார் 6. இந்த எண்கள் பல துறைகளின் ஆய்வுகளிலிருந்து வந்தவை, பச்சிளங்குழந்தை டிஸ்சார்ஜை மட்டும் வைத்து எடுத்தவை அல்ல. ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதவிட்டதும் அல்ல. ஆனாலும் எதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணக்குப்போட உதவும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், வகுப்பு எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடும். பயிற்சி மருத்துவர்கள் வார்டு மாறுவதால், போன மாதம் கேட்டவர் இந்த மாதம் இங்கே இருக்கமாட்டார்.

புது விதி வந்திருக்கும்போது, அல்லது நழுவல் உண்மையாகவே தெரியாமையால் என்று உறுதியானபோது வகுப்பு சரியான வழி. உதாரணமாக, ஆக்சிஜன் அளவை வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து இதயக் கோளாறைத் தேடும் சோதனையைப் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், வகுப்பில்லாமல் முடியாது. இரண்டு இடத்திலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், இரண்டுக்கும் இடையே 3-க்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் தேறியது என்பதை ஒருவர் காட்டித்தான் இன்னொருவர் கற்க வேண்டும்.

மேலிருந்து வரும் கட்டாயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1990-களில் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் அழுத்தத்தால் தாய்மார்கள் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 1996-இல் சட்டம் வந்தது. சுகப்பிரசவத்துக்கு 48 மணி, சிசேரியனுக்கு 96 மணி நேரம் தங்குவதற்கான காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. நெருக்கடி பணத்திலிருந்து வந்ததால் சட்டம் அங்கே தேவைப்பட்டது. ஆனால் சட்டம் மணி நேரத்தைத்தான் நிர்ணயிக்கும். நான்காம் நாள் குழந்தையை யார் பார்ப்பது என்பதை அது கட்டிக்கொடுக்காது.

## வழி 2: கேஸ் ஷீட்டிலேயே செக்லிஸ்ட்

உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலில் நான்கு நிறுத்தங்கள் உண்டு: சேர்க்கும்போது, முக்கச் சொல்வதற்குச் சற்று முன், பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், வீட்டுக்கு அனுப்பும் முன். நான்காவது நிறுத்தம்தான் நமக்கு வேண்டியது.

இந்தப் பட்டியலை மிகப் பெரிய அளவில் சோதித்தது நம் நாட்டில்தான். உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின. பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, பயிற்றுநர்கள் திரும்பத் திரும்ப வந்து கூடவே நின்று வழிகாட்டினார்கள். இரண்டாம் மாதத்தில், செய்ய வேண்டிய 18 அடிப்படைச் செயல்களில் சராசரியாக 72.8 சதவீதம் நடந்தது. பட்டியல் இல்லாத நிலையங்களில் 41.7. பயிற்றுநர்கள் வருவதை நிறுத்தி நான்கு மாதம் ஆன பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில், அது 61.7-ஆக இறங்கியது. மற்ற நிலையங்களில் 43.9.

இறங்கினாலும் மேலேதான் நின்றது என்பது நல்ல செய்தி. ஆனால் தாய் சேய் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இதைச் சொல்லாமல் செக்லிஸ்ட்டைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. டிக் போட்ட செயலுக்கும் பிழைத்த உயிருக்கும் நடுவில் இன்னும் நிறைய வேண்டும்: மருந்து, ஆள், திறமை, மேல் சிகிச்சைக்கு அனுப்ப வண்டி.

செக்லிஸ்ட்டின் பெரிய பலவீனம், அதை ஏமாற்றுவது மிகச் சுலபம். நான் ஒருமுறை ஒரு வார்டின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் பெட்டியிலும் டிக் இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் போட்டது. அதே கட்டில்களிலிருந்து போன குழந்தைகளில் ஒன்று மஞ்சளோடு திரும்பி வந்திருந்தது. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முப்பது பெட்டி கொடுத்தால் மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அதனால் என் அனுபவத்தில் வேலைசெய்வது டிக் போட முடியாத செக்லிஸ்ட். "எடை பார்த்தாச்சா?" என்று கேட்காதீர்கள், "இன்றைய எடை எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். "பால் குடிக்கிறதா?" என்பதற்குப் பதில் "பால் கொடுப்பதை நேரில் பார்த்தவர் பெயர், மணி." "மஞ்சள் இருக்கிறதா?" என்பதற்குப் பதில் "அளவு, அளந்தபோது குழந்தையின் வயது எத்தனை மணி?" ஆறேழு வரி போதும். எண்ணைக் கற்பனையாக எழுதுவது டிக் போடுவதைவிடக் கடினம்.

மறதிதான் பிரச்சினை என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். நெருக்கடி என்றால் இது மட்டும் போதாது.

## வழி 3: மாதாந்திரத் தணிக்கையும் முடிவைச் சொல்வதும்

கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்து, "போன மாதம் நாம் அனுப்பிய குழந்தைகளில் இத்தனை பேருக்குத்தான் மறுசந்திப்புத் தேதி எழுதியிருந்தது" என்று மருத்துவர்கள் முன்னால் வைப்பது. 140 ஆய்வுகளைத் தொகுத்த 2012 காக்ரேன் ஆய்வில் இதன் நடுமதிப்பு முன்னேற்றம் 4.3 சதவீதப் புள்ளிகள். ஆனால் அந்த எண்ணின் இரு பக்கமும் பாருங்கள்: சில இடங்களில் அரை சதவீதம்கூடத் தேறவில்லை, சில இடங்களில் 16-ஐத் தாண்டியது. இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் ஆரம்ப நிலை, இன்னொன்று எப்படிச் சொல்கிறோம் என்பது. ஆரம்ப நிலை மோசமாக இருக்கும்போது, சொல்பவர் மூத்தவராகவோ சக மருத்துவராகவோ இருக்கும்போது, ஒரு தடவையோடு நிறுத்தாதபோது, வாயாலும் எழுத்தாலும் சொல்லும்போது, இலக்கும் அடுத்து என்ன செய்வது என்ற திட்டமும் கூடவே இருக்கும்போது நல்ல பலன் கிடைத்தது.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, கணக்கெடுக்கும் ஆளின் நேரம். பெரும்பாலும் அது ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் செவிலியர்தான். இன்னொன்று பயம். பெயர் சொல்லிக் குத்திக்காட்டும் கூட்டமாக அது மாறினால், அடுத்த மாதம் பதிவு அழகாக இருக்கும், சிகிச்சை அப்படியே இருக்கும். மாதம் 20 கேஸ் ஷீட், மூன்றே மூன்று எண், பெயர் இல்லாமல். இதற்கு மேல் போகாதீர்கள்.

அளந்த பிறகுதான் தெரியும் என்பதால், வேறு எந்த வழியை எடுத்தாலும் இதைச் சிறிய அளவிலாவது கூட வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

## வழி 4: கூடவே நிற்கும் மூத்தவர்

வார்டில் எல்லோரும் மதிக்கும் ஒரு மருத்துவர், தானே முன்னின்று செய்து காட்டுவது. இப்படிப்பட்டவர்கள் மூலமான முயற்சிகளுக்குக் காக்ரேன் ஆய்வுகளில் கிடைத்த முன்னேற்றம் சுமார் 11 சதவீதப் புள்ளிகள். மேலே சொன்ன காக்ரேன் நடுமதிப்புகளில் இதுதான் பெரியது.

நெருக்கடிக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. கட்டில் இல்லை என்று அழுத்தம் வரும்போது, "இந்தக் குழந்தை இன்றிரவு இங்கேதான் இருக்கும், நான் பொறுப்பு" என்று யூனிட் தலைவர் ஒருமுறை சொன்னால், அதற்கு அடுத்த பத்து முறை பயிற்சி மருத்துவரால் அதைச் சொல்ல முடிகிறது.

குறையும் இதற்குள்ளேயே இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் எல்லாமே கூடப் போய்விடும். அந்த மூத்தவரே "முதல் நாளே அனுப்பு, ஒன்றும் ஆகாது" என்கிற ஆளாக இருந்துவிட்டால், இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

## வழி 5: கணினி நினைவூட்டல்

டிஸ்சார்ஜ் சம்மரி கணினியில் அடிக்கப்படும் இடமென்றால், சில கட்டங்களை நிரப்பாமல் அச்சாகாது என்று வைக்கலாம். கணினி நினைவூட்டல்களால் வந்த முன்னேற்றமும் 4 சதவீதப் புள்ளியை ஒட்டித்தான். ஆள் மாறினாலும் நிற்கும் என்பது இதன் பலம். ஆனால் எச்சரிக்கை அதிகமானால் எல்லாவற்றையும் படிக்காமல் தாண்டிப்போவார்கள். காகிதம் வைத்திருக்கும் வார்டில் இதற்காகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி 6: செவிலியர் கையில் கதவு

நான் மிகவும் நம்பும் வழி இது. குழந்தைக்கென்று தனி டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் செவிலியர் கையெழுத்து இல்லாமல் குழந்தை வார்டைவிட்டுப் போகாது. இரண்டு வரி நிரம்பினால்தான் அவர் கையெழுத்திடுவார்: மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எங்கே, எப்போது, யார் பார்க்கப்போகிறார்கள் என்பது ஒன்று. இங்கிருந்து எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்பது மற்றொன்று.

இரண்டாவது வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். கர்ப்பப் பதிவு புகுந்த வீட்டு முகவரியில் இருக்கலாம். அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் மூன்றாம் நாள் கதவைத் தட்டுவார், வீடு பூட்டியிருக்கும். தாய் இருக்கும் ஊரின் செவிலியருக்கு இப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. யாரும் தவறு செய்யவில்லை, குழந்தை மட்டும் இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. "எங்கே போறீங்கம்மா?" என்ற ஒரு கேள்வியும், அந்த ஊர்ச் செவிலியருக்கு ஒரு போன் அழைப்பும் இதை அடைக்கும்.

செலவு உண்டு. மருத்துவர் "அனுப்பு" என்று எழுதிய பிறகு செவிலியர் "இன்னும் இல்லை" என்று சொல்லும் சூழல் எல்லா இடத்திலும் இல்லை. நிர்வாகம் எழுத்தில் அந்த அதிகாரத்தைக் கொடுத்து, முதல் மோதலின்போது செவிலியர் பக்கம் நிற்க வேண்டும். நிற்க மனமில்லையென்றால் இதைத் தொடங்கவே கூடாது. பாதியில் கைவிடப்பட்ட செவிலியர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த நழுவலுக்கு | ஆள் மாறினால் | மறைந்திருக்கும் செலவு | வீடு வரை நீளுமா |
|---|---|---|---|---|
| சுற்றறிக்கை, வகுப்பு | தெரியாமை | கரைந்துவிடும் | தீர்ந்தது என்ற பொய் நிம்மதி | இல்லை |
| செக்லிஸ்ட் | மறதி | ஓரளவு நிற்கும் | வெறும் டிக் பழக்கம் | தேதி கேட்டால் மட்டும் |
| தணிக்கை | மறதி | நடத்துபவர் இருக்கும்வரை | செவிலியர் நேரம், பயம் | அளந்தால் தெரியும் |
| மூத்தவர் | நெருக்கடி | அவரோடு போய்விடும் | ஒருவரை நம்பியிருப்பது | அவரைப் பொறுத்தது |
| கணினி | மறதி | நிற்கும் | பணம், எச்சரிக்கைச் சலிப்பு | குறைவு |
| செவிலியர் கையெழுத்து | பொறுப்புக் குழப்பம், நெருக்கடி | நிற்கும் | நிர்வாகம் காட்ட வேண்டிய உறுதி | ஆம் |

## உங்கள் இடத்துக்கு எது?

சிறிய தனியார் மருத்துவமனை, குழந்தை மருத்துவர் அழைத்தால் வருபவர்: செவிலியர் கையெழுத்தும் தனிச் சீட்டும். வகுப்புக்கு வைத்திருக்கும் பணத்தில், தோலின் மேல் வைத்து மஞ்சளை அளக்கும் கருவி ஒன்று வாங்க முடியுமா என்று பாருங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், எண் கேட்கும் குட்டிச் செக்லிஸ்ட்டும், மாதம் ஒருமுறை யூனிட் தலைவர் தலைமையில் 20 கேஸ் ஷீட் பார்ப்பதும். இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும்.

கட்டிலுக்கு மேல் கூட்டம் இருக்கும் தாலுகா மருத்துவமனை: இங்கே 48 மணியைப் பிடித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, முன்கூட்டி அனுப்ப வேண்டி வந்தால் யாரை அனுப்பவே கூடாது என்று தெளிவாக்குவது முதல் வேலை. 37 வாரம் முடியாமல் பிறந்தவை, எடை குறைந்தவை, தாய் ஓ குரூப்போ ஆர்.எச். நெகட்டிவோ ஆனவை, முந்தைய குழந்தைக்கு மஞ்சளுக்காக ஒளி சிகிச்சை கொடுக்க வேண்டி வந்த குடும்பம், 24 மணிக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தவை. கடைசியாகச் சொன்னது ஒருபோதும் இயல்பான மஞ்சள் அல்ல, அப்போதே பரிசோதிக்க வேண்டும். மற்ற குழந்தைகளுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரோடு நேரடித் தொடர்பு.

இன்னொன்று. 48 மணிக்கு முன் அனுப்பினால் தைராய்டு சோதனைக்கு ரத்தம் எடுக்கும் நேரமும் இடிக்கும். பிறந்த உடனே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால், அவசரமாக எடுத்தால் இல்லாத நோயைக் காட்டிப் பெற்றோரை அலையவிடும். பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் எடுப்பதா, மறுசந்திப்பன்று எடுப்பதா என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்று இன்னமும் குழப்பமாக இருந்தால், எதையும் வாங்க வேண்டாம், கூட்டம் போடவும் வேண்டாம். போன மாதம் சுகப்பிரசவமாகி வீட்டுக்குப் போனவர்களில் கடைசி 20 பேரின் கேஸ் ஷீட்டை எடுங்கள். பிறந்த மணி, அனுப்பிய மணி, கடைசியாக எழுதிய எடை, மறுசந்திப்புத் தேதி இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்த 20 வீட்டுக்கும் போன் செய்து, குழந்தை நலமா என்று விசாரித்துவிட்டு, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் குழந்தையை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். "யாரும் பாக்கலைங்க" என்று எத்தனை தாய்மார்கள் சொல்கிறார்கள், அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு மேலே உள்ள அட்டவணைக்குத் திரும்பி வாருங்கள்.